ஜொஹுரா சாச்சி தலை சீவிய நாள்

என் அப்பாவின் தம்பி மக்பூல் சாச்சா சுந்தரவனத்தில் நண்டு பிடிப்பவர். இரண்டு வருஷம் கேரளத்தில் செங்கல் சுமந்துவிட்டுத் திரும்பியபோது ஒரு போனும், அது நிறைய பயான் என்ற மார்க்கப் பிரசங்கமும், எங்களுக்கெல்லாம் ஒன்றுமே தெரியாது என்ற முடிவும் கொண்டுவந்தார்.

எங்கள் தீவில் இந்துவோ முஸ்லிமோ, காட்டைக் காக்கும் வனபீபியிடம் சொல்லிவிட்டுத்தான் காட்டுச் சேற்றில் கால் வைப்பார்கள். ஆண்கள் திரும்பும்வரை வீட்டுப் பெண்கள் தலை சீவுவதில்லை, புலியின் பேரைச் சொல்வதுமில்லை; மீறினால் போனவர் திரும்பமாட்டார் என்று பயம். ஐந்து வேளை தொழும் ஜொஹுரா சாச்சியும் அப்படித்தான். சாச்சா எல்லோரையும் ஒரே பேச்சில் முடிப்பார்: "அறிவுகெட்ட ஜனங்க." கூடவே படகில் போகும் நிதாய் மாமா சேற்றைத் தொட்டுக் கும்பிட்டால், "என்னப்பா, நண்டுக்கு சலாமா?" என்பார். நானும் சிரித்திருக்கிறேன். குடிசைக்குப் பின்னால் நின்று புலி மாதிரி உறுமி, சாச்சியைப் பதறவும் வைத்திருக்கிறேன்.

அன்று காலை கிளம்பும்போது சாச்சா வாசலை மறித்து நின்றார்.

"சீப்ப எடு."

"எதுக்குங்க?"

"எண்ணெ வச்சுச் சீவு. பாத்துட்டுத்தான் போவேன். உன் மசுருலயா இருக்கு என் உசுரு?"

சாச்சியின் கையிலிருந்து சீப்பு இரண்டு தடவை விழுந்தது. பின்னி முடித்த பிறகுதான் சாச்சா படகுக்குப் போனார்.

சேதி கேட்டு நிதாய் மாமாவின் மனைவி சரலா ஓடிவந்தாள்.

"அடி ஜொஹுரா, அதே படகுலதான்டி என் புருஷனும் இருக்காரு! கலைடி!"

"வந்து பாத்தா கொன்னுடுவாருக்கா."

"வரணுமேடி மொதல்ல!"

இருவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "புலிக்கு இன்னிக்கு விரதமாம்" என்றேன்.

"பேரச் சொல்றா பாரு!" என்று சரலா என் வாயிலேயே அடித்தாள்.

சாயங்காலம் கடலேற்றத் தண்ணீரோடு எல்லாப் படகுகளும் வந்துவிட்டன, அந்த ஒன்றைத் தவிர. அக்கரையில் குரங்குகள் கத்திக்கொண்டே இருந்தன. திடீரென்று அதுவும் நின்றது. கத்தலே தேவலாம் போலிருந்தது. சாச்சி பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். மீதியை நான் அவிழ்த்துவிட்டேன். எண்ணெய் போக, சரலா அவள் தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள்.

துடுப்புச் சத்தம் கேட்டது. துடுப்பு போட்டது சாச்சா மட்டும். நிதாய் மாமா படகுக்குள் கிடந்தார். தோளில் சுற்றிய துண்டெல்லாம் ரத்தம். மூச்சு இருந்தது. சரலா அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். சாச்சா சேற்றிலேயே நின்று சாச்சியின் ஈரத்தலையைப் பார்த்தார். அடி விழப்போகிறதென்று நான் அவளை ஒட்டி நின்றுகொண்டேன்.

"மனசு கேக்கலீங்க" என்றாள் சாச்சி. "இப்பத்தான் கலைச்சேன்."

சாச்சாவின் பற்கள் கிடுகிடுத்தன.

"இப்பவா?" என்றார். "நான் அந்தப் பக்கம் போனதுமே கலைச்சிருக்கக் கூடாதா?"