ஒரு நிறுத்தம் முன்னதாக

அவருடைய ஆள்காட்டி விரல் அந்த ஆங்கிலச் சொல்லின்மேல் போய் நின்றது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறை. "டீச்சர், இத எப்படிப் படிக்கணும்?" என்றார். "கான்விக்ட்" என்று படித்துக்காட்டி, தண்டனைக் கைதி என்று பொருளும் சொன்னேன். தெரிந்த ஒருவரின் பெயரைக் கேட்டவர்போல மெல்லத் தலையசைத்தார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அறையில், ஞாயிறு பிற்பகல்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தேன். கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்கள், துப்புரவு வேலை பார்ப்பவர்கள் என்று பத்துப் பேர் வருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட அவர் மட்டும் இங்கேயே பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பேச்சு ஆங்கிலம் தடையில்லாமல் வரும், எழுத்துத்தான் தெரியாது. சாங்கியில் சரக்குக் கிடங்கு வேலைக்கு பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் தேர்வு எழுத வேண்டும், அதற்காக வந்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

இறந்தகால வினைச்சொற்களை வெறுமனே ஒப்பிக்க வைப்பதைவிட, ஆங்கிலேயர் இங்கே வந்து இறங்கிய தொடக்க காலக் கதைகளைச் சொல்லிப் படிக்கவைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைய பாடம், இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், சாலை போட்டதும், பெரிய கட்டடங்களை எழுப்பியதும் அவர்கள்தான். சிலருக்கு நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள் என்று சொன்னபோது பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"தண்டனை முடிஞ்சதும் ஊருக்கு அனுப்பிட்டாங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார்.

சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள், மாடு வைத்துப் பால் விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள் என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

குறிப்பேட்டைப் புரட்டித் தேடினேன். அவர் தாளைப் பார்த்தபடியே, அன்று கற்ற சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். தானும் ஒரு கைதி, ஒன்பது வருடம் என்று. இலக்கணப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

அன்று மாலை ரயிலில்தான் கவனித்தேன், அதே பெட்டியில் அவரும் இருந்தார். புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, மேம்பாலத்தில் ஓடும் சிறு ரயிலான எல்ஆர்டிக்கு மாறினேன். அவரும் மாறினார். என் நிறுத்தத்தில் அவரும் இறங்கினார். அதற்கு முந்தைய வாரங்களிலும் இப்படித்தான் வந்திருப்பார், நான்தான் பார்த்ததில்லை. இப்போது பின்னால் காலடி கேட்கக் கேட்க நடையை எட்டிப்போட்டேன். வெயில்கூடத் தாழவில்லை, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த மளிகைக்கடைக்குள் நுழைந்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவரைக் கைப்பேசியில் அழைத்தேன். "உடனே கீழ வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

கணவர் பதறியடித்துச் செருப்புக்கூடப் போடாமல் வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் எங்களைக் கடந்து போனார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவரின் வெறுங்காலைப் பார்த்தார். நேராக அடுத்த புளோக்குக்குள் போய்விட்டார். அங்கே தன் அக்கா வீட்டில்தான் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்ஆர்டியில் ஏறினேன். அவர் பெட்டியின் மறுகோடியில் நின்றார். எங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டார். ரயில் நகர்ந்தபோது மேலிருந்து பார்த்தேன். கொட்டுகிற மழையில், குடையில்லாமல், பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எங்கள் குடியிருப்புப் பேட்டையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெட்கம் வருவதற்கு இன்னொரு வாரம் ஆனது. அந்த ஆளோடு உட்கார முடியாது என்று இரண்டு பெண்கள் வகுப்பை ஏற்பாடு செய்த பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். "தாளெல்லாம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிடலாம், வகுப்புக்கு வர வேணாம்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார் அம்மா. சரி என்று தலையாட்டினேன். வகுப்புக்குப் போகவே எனக்குப் பயமாக ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து, வழக்கம்போல மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் துணியை மடித்து வைத்தார்.

"புரியுது டீச்சர். நான் நின்னுக்கிறேன். நீங்க சொல்லிக் கஷ்டப்பட வேணாம் லா."

எப்படிப் பேசத் தொடங்குவது என்று ரயிலில் வரும்போதே மூன்றுமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "உட்காருங்கண்ணே. இன்னைக்கு அறிவிப்புப் பலகை படிக்கணும், உங்களுக்குத்தான் அது."

அந்த இரண்டு பெண்களும் வகுப்பைவிட்டு நின்றுவிட்டார்கள். பொறுப்பாளர் அம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஞாயிறு மாலை அண்ணன் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கியபோது நானும் இறங்கினேன். துணிச்சலால் இல்லை. கைப்பேசியைக் கையிலேயே பிடித்திருந்தேன், அதை அவர் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

பேட்டையை நோக்கி நடந்தோம். பிறகு அவராகவே சொன்னார். "வெளிய வந்த அன்னைக்கு, அக்கா வீட்டு ரூம்ல கதவுக்கு முன்னாடி நின்னுகிட்டே இருந்தேன் டீச்சர். ரொம்ப நேரம். அக்கா வந்து, ஏன்டா நிக்கிறேன்னு கேக்குது. யாராவது வந்து திறப்பாங்கன்னு நின்னிருக்கேன். ஒன்பது வருசம் நானா ஒரு கதவைத் திறந்ததில்ல. இப்பவும் ரோட்டத் தாண்டப் பயம், லிஃப்ட்ல ஆள் இருந்தா ஏறப் பயம். நம்மளப் பாத்து அவங்க பயந்துடுவாங்களோன்னு ஒரு பயம்."

தேர்வில் இரண்டாம் முறை தேறினார். சாங்கியில் வேலை கிடைத்தது. அக்கா குடும்பத்தோடு மார்சிலிங்குக்கு வீடு மாறிப்போனார். போகும் முன் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று ஒரு பெட்டிப் பலகாரம் கொடுத்தார். உள்ளே வாருங்கள் என்று நான் சொன்ன பிறகும், கணவர் வந்து கூப்பிடும்வரை அவர் உள்ளே வரவில்லை.

இன்றும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். தூர்த்த நிலத்தைப் பற்றியும் போட்ட சாலைகளைப் பற்றியும் யார் என்ன கேட்டாலும் சொல்லத் தெரிகிறது. ஆனால் அண்ணனுக்கு அந்த ஒன்பது வருடம் எதற்காகக் கிடைத்தது என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. மரியாதை கருதித்தான் கேட்கவில்லை என்று பிறரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. தெரிந்துகொண்டால், அவரோடு நடந்த அந்த மாலைக்கு நினைவில்கூட இனி என்னால் திரும்பிப்போக முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன்.