நகோயாவில் கேட்ட கொசுறு

1. திரும்பி வந்த ஷாஃப்ட்

பம்ப் கம்பெனி இன்ஸ்பெக்டர் நாங்கள் அனுப்பிய ஷாஃப்ட் ஒன்றைத் திரும்ப எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார். "யக்கா, இது ஷாஃப்டா, கேரட்டா?" என்று கேட்டார். பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

நான் பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பெயர் செண்பகம். ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு முடித்துவிட்டு இங்கே வந்து நின்றபோது, "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு லேத்து?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு ஒரு பழைய மெஷின் வாங்குவதென்றால் என்னைத்தான் முதலில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

கேரட் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஷாஃப்டின் ஒரு முனை ஒரு அளவிலும் மறுமுனை வேறு அளவிலும் இருந்தது. இதை டேப்பர் என்போம். எங்கள் பெரிய லேத்தின் பெட் தேய்ந்துபோயிருந்தது. டூலைத் தாங்கி அந்தப் பெட்மேல் போகிற கேரேஜ், ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறும் டவுன் பஸ் மாதிரிப் போனால் ஷாஃப்ட் எப்படி நேராக வரும்? இன்னொரு லாட் இப்படித் திரும்பினால் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பட்டறை ஓடியதே அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான். அது போனால் ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டியதுதான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. தங்கமான மனுஷன், ஆனால் பெயிண்டைப் பார்த்தால் மயங்கிவிடுவார். அந்தப் பெரிய லேத்தே அவர் ஒரு புரோக்கரிடம் வாங்கியதுதான். வந்து இறங்கியபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பளபளவென்று இருந்தது. புது மெஷின் வாங்க அவருக்கு வசதியில்லை. ஜப்பானில் நல்ல செகண்ட்ஹேண்ட் மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதும் என்னைக் கூப்பிட்டார்.

"செம்பகம், நீ ஒரு எட்டு போயிட்டு வந்திரு. நான் போனா மறுபடியும் பெயிண்ட வாங்கிட்டு வந்திருவேன்."

"ஜப்பானுக்கா அண்ணாச்சி? நான் திருவனந்தபுரம் தாண்டுனதில்ல."

"அங்கனயும் லேத்து லேத்துதாம்மா. நீ தொட்டுப் பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இப்படி ஒரு முதலாளி சொல்லிவிட்டால் அப்புறம் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? எனக்குப் பாஸ்போர்ட் எடுத்ததே இதற்காகத்தான்.

2. பளபளப்பு

டயல் கேஜ், மேக்னடிக் பேஸ், டார்ச், கொஞ்சம் காட்டன் வேஸ்ட், ஒரு நீள ஸ்குரூ டிரைவர். பெட்டியில் துணிமணியைவிட இவைதான் அதிகம். நகோயாவில் ரகு என்ற தம்பி வந்து என்னை அழைத்துக்கொண்டார். கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை, அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவர் அப்பா அண்ணாச்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எனக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஜப்பான் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதலில் ஒரு பெரிய யார்டுக்குப் போனோம். வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே நடத்துகிற இடம். இங்கிலீஷ் பேசினார்கள், டீ கொடுத்தார்கள். மெஷின்கள் எல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்து வரிசையாக நின்றன. நான் விலை கேட்டேன். சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் அவர்களாகவே குறைத்தார்கள். டீயை முடிப்பதற்குள் இன்னொரு தடவை குறைத்தார்கள்.

"யக்கா, நல்ல டிஸ்கவுண்டுல்லா?" என்றார் ரகு.

"இரு தம்பி. கேக்காமக் கொடுக்கதுல என்னமோ இருக்கு."

பழைய மெஷினில் பெயிண்ட் அடித்த இடத்தை நான் பார்ப்பதில்லை. பெயிண்ட் அடிக்க முடியாத இடத்தைத்தான் பார்ப்பேன். பெட்டில் யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது. கேரேஜை, ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றுகிற சக் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் லாக்கை லேசாக இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இறுக்கத்தோடேயே பைய மறுகோடிக்குத் தள்ள வேண்டும். வேலை எல்லாம் சக் பக்கத்தில்தான் நடக்கும், தேய்மானமும் அங்கேதான். தேய்ந்த இடத்தில் இறுக்கியது தேயாத இடத்துக்குப் போனால் சிக்கிக்கொள்ளும். இதற்கு எந்தக் கேஜும் வேண்டாம், கை போதும். அந்தப் பச்சை மாப்பிள்ளை பாதி வழியிலேயே மலையேறாத மாடு மாதிரி நின்றுவிட்டான். அடுத்தவனும் அப்படியே. டீக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

3. கீறல் காட்டிய கடைக்காரி

அன்று சாயங்காலம் எனக்கு மனசு சரியில்லை. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்பினால் அண்ணாச்சி முகத்தில் எப்படி விழிப்பது? ரகு என்னைச் சும்மா உட்காரவிட வேண்டாம் என்று ஒரு பழைய சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். பாத்திரம், துணி, ஃபிளாஸ்க், எல்லாம் யாரோ பயன்படுத்தியவை. எங்கள் வீட்டில் புதுசில்கூட அப்படிச் சுத்தம் பார்த்ததில்லை.

என் மகளுக்கு ஒரு ஃபிளாஸ்க் எடுத்தேன். கடைக்காரப் பெண் அதைக் கையில் வாங்கி, கவிழ்த்து, அடியில் இருந்த ஒரு கீறலை விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குப் பகீர் என்றது. ஒன்றைத் தானாகச் சொல்கிறாள் என்றால் சொல்லாமல் இன்னும் எத்தனை வைத்திருக்கிறாளோ?

"இல்லக்கா, இங்க இப்பிடித்தான்" என்றார் ரகு. "கொறைய அவங்களே சொல்லிருவாங்க. சொன்னதுக்கு மேல இருக்காது."

நான் அந்த ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. சரி, இந்த ஊரின் வழக்கத்தில் ஒன்று தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று தெரியாமல் இருந்தது அன்றைக்கே தெரிந்தது.

4. கூப்பிடாத மனிதர்

அன்றைக்குப் போனது ஒரு சந்துக்குள். இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பட்டறைகள், கட்டிங் ஆயில் வாடை. எனக்குப் பேட்டைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பழைய மெஷின் வியாபாரி பெயர் மோரி. ஐம்பது வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ். ஒரு மூலையில் சாம்பல் நிற லேத் ஒன்று நின்றது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. அண்ணாச்சி வந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

மோரி மெஷினைச் சுற்றிவந்து ஒவ்வோர் இடமாகத் தட்டிச் சொன்னார். கூலண்ட் பம்ப் ஓடாது. ஒரு கியர் லீவர் முரண்டு பண்ணும். கைப்பிடி ஒன்று மாற்றியது. அவ்வளவுதான் என்று கையை விரித்தார்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். பெட்டைக் காட்டன் வேஸ்டால் துடைத்தேன். சக்குக்குக் கீழேயே, ஃபேக்டரியில் சுரண்டி மட்டம் பார்த்த ஸ்கிரேப்பிங் தடம் தேயாமல் அப்படியே தெரிந்தது. கேரேஜ் லாக்கை இறுக்கித் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போய்ச் சேர்ந்தது. சக்கைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலில் டயல் வைத்துச் சுற்றினேன், முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. மெஷினை ஓடவிட்டு ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையால் பேரிங்கைத் தொட்டுக் கேட்டேன். சீரான சத்தம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டேன். வாங்கப்போகிறவர் சிரித்தால் விலை ஏறும் என்பது நம் ஊர்ப் பாடம்.

விலை நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லையே. குறைக்கச் சொன்னேன். மோரி யோசித்துவிட்டு முடியாது என்று தலையசைத்தார். அப்போது நான் எங்கள் ஊர் வண்ணார்பேட்டைக் கடையில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். "அப்பொ வேண்டாம் தம்பி, வா போவோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நம் ஊரில் விலை பேசுவது வாய் பாதி, கால் பாதி. கடைப்படி இறங்கினால் "யக்கா, வாங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போறீயளே" என்று பின்னாலேயே குரல் வரும். வராவிட்டால் தெருமுனையில் நின்று செருப்பைச் சரிசெய்ய வேண்டும். கட்டாயம் வரும்.

குரல் வரவில்லை. கேட் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். மோரி வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கிக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, கும்பிடுதாரு?"

"வழியனுப்புதாரு யக்கா. கூப்பிடமாட்டாரு."

அப்போதுதான் ஒரு லாரி எங்களைத் தாண்டி மோரியின் யார்டுக்குள் திரும்பியது. என் மெஷினை ஏற்றத்தான் வந்திருக்கிறதோ? பட்டறைப் பிழைப்பே அந்தக் கறுப்பு மெஷினில் இருக்கிறது, நான் வீம்புக்குத் தெருவில் நிற்கிறேன். திரும்பி நடந்தேன். ஓடவில்லை, ஆனால் நடந்தேன் என்றும் சொல்ல முடியாது.

5. ஒமாகே

லாரி வேறு எதையோ இறக்க வந்தது. மோரி லேத்தின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். ரகு அவரிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னே?"

"நம்ம ஊர்ல போறதுன்னா கேக்குததுன்னு அர்த்தம்னு சொன்னேன் யக்கா. அவரு, ஒரு ஆளு வேண்டாம்னு போகும்போது பின்னால கூப்பிடுதது மரியாத இல்லங்காரு."

"நம்ம ஊர்ல கூப்பிடலேன்னாத்தான் மரியாத இல்லன்னு சொல்லு."

ரகு சொன்னார். மோரி சத்தமாகச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், இனிமேல் உம்மென்று இருந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் விலை மட்டும் இறங்கவில்லை. முதலிலேயே இறக்க இடமில்லாத விலையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, அந்த விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. கீரை வாங்கினால்கூட ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வாங்குகிற ஊர்க்காரி நான். சுற்றுமுற்றும் பார்த்தேன். ரேக்கில் அதே மெஷினின் ஸ்டெடி ரெஸ்ட் இருந்தது. நீள ஷாஃப்ட் நடுவில் துள்ளாமல் பிடித்துக்கொள்கிற சாமான். அது இல்லாமல் எங்கள் ஷாஃப்டை ஓட்ட முடியாது, தனியாக வாங்கினால் விலை கூட.

"தம்பி, விலை கொறைக்க வேண்டாம். கொசுறு தருவாரான்னு கேளு."

"யக்கா, கொசுறுக்கு ஜப்பான் வார்த்தைக்கு நான் எங்க போவேன்? அது டிஸ்கவுண்டும் இல்ல, ஃப்ரீயும் இல்ல." பிறகு ரகுவின் முகம் மலர்ந்தது. "இருக்கு, இருக்கு. ஒமாகே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மோரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒமாகே!" என்று தானும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். குறைக்கச் சொன்னபோது மறுத்த அதே மனிதர், நேரே ரேக்குக்குப் போய் ஸ்டெடி ரெஸ்ட்டைத் தூக்கிவந்து வைத்தார். மறுபடி போய் ஃபேஸ் பிளேட்டைக் கொண்டுவந்தார். சேஞ்ச் கியர் பெட்டியையும் கொண்டுவந்தார். நான் விடுவேனா? அங்கே இருந்த, விலை கூடிய ஃபோர் ஜா சக்கையும் கைகாட்டினேன்.

மோரி சிரித்தபடியே தலையாட்டி மறுத்தார்.

"அது ஒமாகே இல்லயாம் யக்கா. அது வியாபாரமாம்."

நியாயம்தான். கொசுறுக்கும் ஒரு அளவு இருக்கிறது, அது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

6. அளந்து பார்த்த நாள்

இப்போது துபாய்க்கும் தைவானுக்கும் சாமான் வாங்கப் போகிற நம் பிள்ளைகள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். பொருளை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள், அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். விலையை மட்டும் அந்த ஊர் வழக்கப்படி பேசுங்கள். வழக்கம் தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள், தப்பு செய்தால் திரும்பிப் போங்கள். மலிவு என்பது விலை குறைவது மட்டும் இல்லை. கொடுத்த விலைக்குப் பொருள் நின்று உழைத்தால் அதுதான் மலிவு.

அன்று அந்த மெஷின் தூத்துக்குடியில் இறங்கிப் பேட்டைக்கு வந்தபோது அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "என்ன செம்பகம், இம்புட்டுக் கறுப்பா இருக்கு?"

"ஓடவிட்டுப் பாருங்க அண்ணாச்சி."

லெவல் பார்த்து இறக்கி, பம்ப் மாற்றி, லீவரைச் சரிசெய்து, முதல் லாட்டை ஸ்டெடி போட்டு நானே ஓட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்தார். மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு முனையில் அளந்தார், நடுவில் அளந்தார், மறுமுனையில் அளந்தார். நம்பாமல் இன்னொரு ஷாஃப்டை எடுத்து அளந்தார். பட்டறையில் எல்லா மெஷினும் நின்றிருந்தது. அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினார். "அடுத்த லாட்ட எப்பம் தருவிய?" என்று கேட்டார். பிறகு, "இது எந்த மெஷின்ல ஓட்டுனது அண்ணாச்சி?" என்றார்.

அண்ணாச்சி மெஷினைக் காட்டவில்லை. என்னைக் காட்டினார்.