கண்டல் காட்டில் ஞானசெல்வி

2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் ஏறியபோது, ஞானசெல்வியின் மூத்த மகள் அஜிஷா வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. கைக்குழந்தை பிரிஜாவை அள்ளிக்கொண்டு ஞானசெல்வி கோவில் மேட்டை நோக்கி ஓடினாள். பெரியவள் பின்னால் வருகிறாள் என்றுதான் நினைத்தாள். ஊரை ஒட்டிய உப்பங்கழிக் காயலின் மேல்கரையில், தாழைப் புதருக்குள் பிள்ளையின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அன்றைக்கு மீன்பிடி வள்ளம் மோதி இடுப்பு ஒடிந்ததில் கணவன் யேசுதாசனால் அப்புறம் கடலுக்குப் போக முடியவில்லை. ஞானசெல்வி கருங்கல் ஊர்ச் சந்தைக்கு மீன் சுமந்தாள். காயல் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்க மாட்டாள்.

அந்த வருடங்களில்தான் ஊர்க்காரர்கள் அலையைத் தடுக்கக் காயலோரம் முழுக்கச் சேற்றில் வளரும் கண்டல் மரம் நட்டார்கள். செடி காடானதும் நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டின. பறவை பிடிக்கிறவர்களை விரட்டவும், பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகவும் ஊரே ஒரு குழு வைத்தது. வருமானம் ஊருக்கு. ஒரு படகைப் பெண்கள் ஓட்டுவதற்கென்று ஒதுக்கினார்கள்; வீட்டுச் செலவுக்காக ஞானசெல்வியும் அதில் சேர்ந்தாள். யேசுதாசனுக்குப் படகுத்துறையில் டீக்கடை கிடைத்தது. முதல் நாள் படகில் ஏறியதும் ஞானசெல்விக்கு வாந்தி வந்தது. வாயைக் கழுவிக்கொண்டு துடுப்பை எடுத்தாள்.

"இங்கேயும் சுனாமி வந்ததாம்மா?" என்று படகில் வருகிற எல்லோரும் கேட்பார்கள்.

"வந்தது" என்று சொல்லிவிட்டு நாரைக்கூட்டைக் காட்டுவாள்.

குழுச் செயலாளர் டைட்டஸ் ஒருநாள் இழுத்து இழுத்துச் சொன்னான். "அக்கா, வாறவிய அதைத்தான் கேக்காவ. ரெண்டு வார்த்தை சொன்னா என்ன?"

"நான் பறவையக் காட்டுக ஆளு, டைட்டசு. எனக்க பிள்ளையக் காட்ட மாட்டேன்."

அவன் வற்புறுத்தவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிரிஜா கேட்டாள்.

"அம்மா, அக்கா பொம்மையக் கெட்டிப் பிடிச்சிட்டேதான் செத்தாளா? ஆபேல் மாமா படகுல வாறவியகிட்ட சொன்னாராம்."

கண்டெடுத்தபோது அஜிஷாவின் கையில் எதுவுமே இல்லை. விரல்கள் விரிந்து, நகக்கண்ணெல்லாம் சேறாக இருந்தது. கழுவிவிட்டவள் ஞானசெல்விதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடிய குழுவில் எழுந்து நின்றாள்.

"செத்தவியளப் பத்திப் படகுல யாரும் பேசப்பிடாது. பறவைக்குச் சட்டம் போட்டிய. எனக்க பிள்ளைக்கு ஒண்ணு போடுங்க."

இன்னொரு படகு ஓட்டும் ஆபேல் எழுந்தான். "அக்கா, எனக்க அம்மையும் அன்னைக்குத்தான் போனா. அவளையுந்தான் சொல்லுகேன். சொன்னாத்தான் ஆளு வருகு."

ஞானசெல்வி கேட்டதற்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றான் டைட்டஸ். மூன்று நான்கு கைகள்தான் எழுந்தன. அவளைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் யேசுதாசனின் கை முழங்காலைவிட்டு அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்களும் தூக்கலியே?"

"ஏட்டி, கூட்டம் வந்த பெறகுதான் நம்ம அடுப்பு ஒழுங்கா எரியுது. இருக்கவளப் படிக்க வைக்காண்டாமா?"

"போனவ ஒங்களுக்கு மவ இல்லியா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாளே துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்டல் காட்டுக்குக் காவல் போகிறேன் என்றாள் ஞானசெல்வி. கூலி குறைவு, முழங்கால் வரை சேறு. அந்த வேலைக்குப் போட்டியே இல்லை. கூடு கட்டும் மாதங்களில் படகு அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு. கொக்குக்கு வைத்த கண்ணிகளைத் தேடித்தேடி அறுப்பாள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மேலே வைப்பாள். பாதி பிழைக்காது. மற்ற மாதங்களில் படகுச் சத்தம் கேட்டால் காட்டின் உள்பக்கமாக நடந்துவிடுவாள்.

ஆள்வரத்து கூடிக்கொண்டே போனது. யேசுதாசன் கடையின் ஓலையைப் பிரித்து ஓடு போட்டான். காவலுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடையைத் தாண்டித்தான் அவள் நடந்தாள். ஒருநாளும் அங்கே நின்று டீ குடித்ததில்லை.