சாரங்கு கனியின் வயிறு

என் லாத்தா, அதாவது அக்கா சலேஹாவின் மாப்பிள்ளை முகம்மது கனி, பினாங்குத் துறையிலிருந்து எதிர்க்கரைப் பாகானுக்கு ஆள் ஏற்றிப் போகும் நீராவி லாஞ்சில் சுக்கான் பிடித்தவர். காற்று திரும்பி அலை எழும்பும் நாளில், லாஞ்சுக்குள் இருப்பவர்கள் தத்தம் தெய்வத்தைக் கூப்பிட்டு அழ, கனி மச்சான் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிற்பாராம். அப்படிப்பட்ட மனிதரை ஒரு மேசையும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு துரையும் ஆட்டிவைத்தார்கள்.

துறைமுக ஆபீசில் துரை மலாயில் கேள்வி கேட்பார். சரியாகப் பதில் சொன்னால் சாரங்கு, அதாவது லாஞ்சை நடத்தும் தலைவர் என்று சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாதவர் கையில் இனிமேல் சுக்கானைக் கொடுக்க முடியாது என்று லாஞ்சு முதலாளி சொல்லிவிட்டார். மச்சான் முதல் தடவை போனபோது குரலே வரவில்லை. இரண்டாம் தடவை, லாஞ்சில் பச்சை விளக்கு எந்தப் பக்கம் என்று துரை கேட்டாராம். மச்சான் பதில் சொல்வதற்குப் பதிலாக மயங்கிக் கீழே விழுந்துவிட்டார்.

மூன்றாம் தடவையும் தவறினால் வேறொருவர் சாரங்காக வந்துவிடுவார். இத்தனை காலம் தாம் ஓட்டிய லாஞ்சிலேயே மச்சான் கயிறு வீசிக்கொண்டு நிற்க வேண்டும்.

கண்பட்டுவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். அப்போது நான் லாத்தா வீட்டில்தான் இருந்தேன். ஆண்கள் எதிரில் அதிகம் வரமாட்டேன். அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றால் மச்சான் சாப்பிடும் பாய் தெரியும். பரீட்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவர் தட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. வாயோரம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. தலையணையில் முடி உதிர்ந்து கிடந்தது. வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பியும் சுருட்டுமாகப் பொழுதை ஓட்டினார். கேட்டால், “சோறு நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது” என்பார்.

ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தேன். ஒருநாள் மெதுவாக லாத்தாவிடம் சொன்னேன்.

“மச்சான் பசியாத்தான் உக்கார்றாங்க. ரெண்டு வாய் நல்லாத்தான் போகுது. யாராவது பரீட்சைப் பேச்சை எடுத்தா உடனே கையக் கழுவிடுறாங்க.”

லாத்தா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். மச்சான் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பரீட்சை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நூர் பீவி வழக்கம்போல வாசலில் வந்து நின்று, “என்ன கனித்தம்பி, பரீட்சை...” என்று ஆரம்பித்ததும், லாத்தா அவள் கையில் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள்.

கஞ்சி என்றால் வெறும் கஞ்சி இல்லை. புழுங்கலரிசியும் பச்சைப்பயறும் குழைய வெந்து, மேலே முருங்கைக்கீரை. ஒரே தடவையாகத் தட்டு நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தாள். காலையில் முட்டை, இரவில் சுட்ட கெம்போங், நம்மூர்க் கானாங்கெளுத்தி மீன். வயிற்றுக்குள் ஏதாவது போன பிறகுதான் கோப்பி.

பகல் கஞ்சி தூக்குச்சட்டியில் லாஞ்சுக்குப் போகும். அதற்குப் பொறுப்பு இயந்திரம் பார்க்கும் திருநாவுக்கரசு. சட்டியை வாங்க வந்த முதல் நாளே வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான்.

“அண்ணே, சட்டி காலியாத் திரும்பணும்னு அக்கா உத்தரவு. மிச்சம் வச்சீங்க, கரிக்குப் பதிலா உங்களைத்தான் அடுப்புல போடுவேன்லா.”

“என்னைப் போட்டா பாகான் வரைக்கும் போகுமா?”

“இப்ப இருக்குற உடம்புக்கு படகுத்துறையக்கூட தாண்டாது.”

பாகானிலிருந்து வரும் பயணிகள் பரீட்சையைப் பற்றிக் கேட்டால், “அண்ணன் மாமியார் வீட்டு விருந்துக்குத்தான் போறாரு” என்று அவனே பதில் சொல்லிவிடுவானாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சென்ற தடவை மச்சான் நோன்போடுதான் துரை முன்னால் நின்றார். நேர்ச்சை நோன்பு, வேண்டுதலுக்காகப் பிடிப்பது. இந்தத் தடவையும் அதேபோல் பிடிக்கப் போவதாகச் சொன்னார். நோன்பு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? லாத்தா நேரடியாகச் சொல்லவில்லை.

“நேர்ச்சை என்னண்டு வச்சீங்க?” என்றாள்.

“பாஸானா அஞ்சு நோன்பு பிடிக்கிறேண்டு.”

“பாஸானாத்தானே? ஆகாம முன்னாடியே பிடிக்கிறது என்ன கணக்கு? கரை சேர முன்னாடி ஆளை எறக்கிவிடுவீங்களா?”

“பள்ளிவாசல் லெப்பைக்கிட்டக் கேட்டுப்பாக்கவா?”

“நூர் பீவி மாப்பிள்ளைய அனுப்பிக் கேட்டாச்சு. காரியம் கைகூடுன பெறகுதான் அது கடமையாம்.”

“அப்ப போன தடவை பிடிச்சது?”

“நன்மை கிடைச்சிருக்கும். சான்றிதழ்தான் கிடைக்கல.”

அதற்குப் பிறகு மச்சான் மெல்ல மெல்ல மாறினார். வாய்ப்புண் ஆறியது. ஒருநாள் மீனில் உப்புக் குறைவு என்று சண்டைக்கு வந்தார். லாத்தா அடுப்படிக்குள் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் விளக்குகளையும் ஊதல்களையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் படுத்திருப்பார். ஆனாலும் காலையில் பசியோடு எழுந்தார்.

பரீட்சை நாளன்று முட்டையும் கஞ்சியும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். தெருமுனை திரும்பும் வரை லாத்தா பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே வந்து தன் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், அப்படியே மூடி வைத்தாள். நான் கரண்டியால் கலக்கிக் கொடுத்தும் குடிக்கவில்லை. உச்சிக்கு வெயில் ஏறும் வரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மச்சான் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “சோறு வை” என்று பாயில் உட்கார்ந்தார்.

லாத்தாவுக்குக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சட்டம் போட்டவளே அவள்தானே. சோறு வைத்தாள். மீன் ஆணத்தை ஊற்றினாள். மச்சான் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கினார். இன்னொரு தடவை சோறு கேட்டார். பிறகு ரசம் கேட்டார். அந்த வீட்டில் அவர் ரசம் குடித்து நான் பார்த்ததே இல்லை. லாத்தா அடுப்படிக்கு வந்து, புளியைக் கரைத்து, ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் பாயில் சிந்தியது. மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ காலையில சாப்பிட்டியா?”

“பெறகு சாப்பிட்டுக்கிறேன்.”

மச்சான் மிச்ச ரசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையைக் கழுவினார். துண்டால் மெதுவாகத் துடைத்தார்.

“நாளைக்கு விடியுமுன்ன என்னைச் சகர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடு புள்ள,” என்றார். “அஞ்சு நோன்பு இருக்கு.”

லாத்தா அங்கேயே பாயில் உட்கார்ந்து, அவர் தட்டையே இழுத்து வைத்துக்கொண்டு, சட்டியில் இருந்த சோற்றையெல்லாம் தட்டி அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.