டீ நூறில் தொடங்குவதில்லை

மெஸ்ஸவுதா டீச்சர் வகுப்பறையில் டீக்கடை நடத்தினார் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்ட ஆய்வாளரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடை என்னுடையது. எங்கள் பாலைவன ஊரான வர்க்லாவில், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருக்கிறது.

டீச்சர் எங்கள் ஊரிலேயே பிறந்து, எங்கள் பிள்ளைகளுக்கே கணக்குச் சொல்ல வந்தவர். பெண் கேட்டு வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். வந்த வழியே போனார்கள்.

அன்று அவர் கேட்டதால் கெண்டியும் கிளாஸுமாக இறுதியாண்டு வகுப்புக்குள் போனேன். கடைசி பெஞ்சில் வடக்கிலிருந்து வந்த ஆய்வாளர். அவருக்குப் பிடிக்காவிட்டால் அந்த வகுப்பு டீச்சர் கையைவிட்டுப் போய்விடும்.

பலகையில் டீ ஆறுவதற்கான வகைக்கெழுச் சமன்பாடு. ஒரு பெண் தொடக்கச் சூடு நூறு என்று எழுதினாள்.

"அழி," என்றார் டீச்சர். "அண்ணே, ஊத்துங்க."

நாங்கள் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினேன். கையை உயரத் தூக்கி, கெண்டிக்கும் கிளாஸுக்குமாக, நுரை கட்டும்வரை. டீச்சர் தெர்மாமீட்டரை விட்டார். எழுபத்தொன்று.

"சூடு எவ்வளவு வேகமா எறங்கும்னுதான் சமன்பாடு சொல்லும். எங்கேருந்து எறங்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு ஆயிரம் கோடு போடலாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூட்டுலேருந்து எறங்கும், அத்தனையும் சரி. நம்ம கிளாஸோட கோடு எதுன்னு நாமதான் அளந்து சொல்லணும்."

"புத்தகத்துல நூறுன்னு இருக்கேம்மா," என்றார் ஆய்வாளர்.

"எழுதினவரு எங்க ஊர்ல டீ குடிச்சதில்ல சார்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"மன்னிப்பு கேளுங்க. இத்தோட விட்டுடறேன்."

"எதுக்கு சார்? அளந்ததுக்கா? கேக்க மாட்டேன்."

அடுத்த வாரமே வகுப்பைப் பிடுங்கினார்கள். டீச்சர் கெஞ்சவில்லை. பள்ளி விட்டதும் என் கடைக்கு வந்தார். பின்னால் பையன்களும் பெண்களுமாக அந்த வகுப்பு முழுக்க. எங்கள் ஊர்க் கடைகளில் பெண்கள் உட்காருவதில்லை. டொமினோ ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றார் டீச்சர்.

முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். பரீட்சை வரை பாடம் அங்கேதான் நடந்தது.

அதற்கும் தண்டனை வந்தது. பாலைவனத்தின் அந்தக் கோடியில் இருக்கும் இல்லிசிக்கு மாற்றல். பஸ் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நான் இல்லேன்னாலும் பொண்ணுங்க கணக்குப் போட வருவாங்க அண்ணே. சுவரோர மேசை அவங்களுக்கு. யாராவது எழுந்திரிக்கச் சொன்னா, சொன்னவர வெளிய அனுப்புங்க."