அரக்கு முத்திரைக்குள் இருந்த ஜப்பான்

நடவடிக்கை முடிந்ததும், கைப்பற்றிய பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் பெற்றுக் கோப்பில் சேர்க்க வேண்டும். இது விதி. பணியில் இருந்த காலத்தில் இதைப் பலருக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். ஒரு டார்ச் லைட்டைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் தாமதித்தவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டவன் நான்.

அந்த விதியை மீறியவர்களில் நானும் ஒருவன் என்பது போன சித்திரையில்தான் தெரிந்தது.

ஓய்வூதியம் வாங்குபவனிடம் ஆண்டுதோறும், உயிரோடிருக்கிறாயா என்று அரசு கேட்கிறது. நியாயமான கேள்வி. சில மத்தியானங்களில் எனக்கே அந்தச் சந்தேகம் வருவதுண்டு. அதற்கான தாள்களைத் தேடி, ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் கட்டிக் கொடுத்த பையைப் பிரித்தேன். என் மேசை இழுப்பறையை அப்படியே அதில் கவிழ்த்திருந்தார்கள். சால்வைக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. வாயில் சிவப்பு அரக்கு முத்திரை. மேலே என் கையெழுத்தில், 'பென் டிரைவ் - ஒன்று'.

பார்த்ததும் நினைவு வந்தது. பதிவறையில் வேலை பார்த்த ஓர் இளநிலை உதவியாளருடையது அது. அலுவலகக் கணினியில் அதைச் செருகி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பழைய கோப்புக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை. அதைப் பிடுங்கி அரக்கு வைத்தேன். அன்றைக்கே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரானது. அவர் எழுதித் தந்த விளக்கம் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது: 'நான் கேட்டது ஜப்பான் நாட்டு இசை. அவர்களுடைய பழைய வாத்தியங்களும் மின்சாரக் கிடாரும் அதில் சேர்ந்து வரும். அதைக் கேட்டால் அறையில் தூசி இருப்பது தெரிவதில்லை. வேலை எதுவும் நிற்கவில்லை.'

அதன் ஓரத்தில் நான் எழுதினேன்: 'ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.'

தண்டனை சிறியதுதான், கண்டனம். பணிப்பதிவேட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் அவ்வாண்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போயிற்று. வேறு மாவட்டத்துக்கு மாறுதல் கேட்டுப் போனார். போகும்போது என் மேசைக்கு வந்து, "வாரேன் சார்" என்றார். பென் டிரைவைக் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

முத்திரையை உடைக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். வீட்டில் என் மனைவி மட்டும் இருந்தாள். இரண்டு பேருக்குச் சமம் என்பதால் குறை எழவில்லை.

தொலைக்காட்சியின் பின்பக்கத்தில் அதைச் செருகினோம். அவள் துணி காயப்போடப் புறவாசலுக்குப் போனாள். திரையில் பாட்டுகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்; ஜப்பான் எழுத்து அதற்குத் தெரியாது போலும். ஒரு கட்டத்தை அழுத்தினேன்.

முதலில் காற்று வந்தது. ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று நினைத்தேன். பிறகுதான் அது மூங்கிலுக்குள் போகிற காற்று என்று புரிந்தது. ஒரே ஒரு தந்தி அதிர்ந்தது. ஆழமான கிணற்றில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி. அடுத்த சொட்டுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மேளங்களும் கிடார்களும் கல்லுடைக்கும் இயந்திரம் போல மொத்தமாக வந்து விழுந்தன.

புறவாசலிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "என்னங்க இது, மிக்சில கல்லக் கில்லப் போட்டுட்டியளா?"

அந்த இரைச்சலுக்கு நடுவில் தந்தி நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குரலைச் சுழற்றிச் சுழற்றிப் பாடினாள். அந்தக் குரல் தெரிந்த ராகம் போல நம் வாசல் வரை வந்து, சட்டென்று பெயர் தெரியாத தெருவுக்குள் திரும்பிப் போயிற்று. கண்ணை மூடினேன். பதிவறை வந்தது. அடுக்குகளில் கட்டுகளின் சிவப்பு நாடாக்கள் தாமாகவே அவிழ்ந்தன. தாள்கள் ஒவ்வொன்றாக எழுந்து, வெடித்த பருத்தி போல வெளியே மிதந்து போயின. தடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் கை எழவில்லை.

பாட்டு முடிந்தபோதுதான் அந்த ஓரக்குறிப்பு ஞாபகம் வந்தது. ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று எழுதினேனே, அந்த ஆதாரத்துக்குத்தானே நானே அரக்கு வைத்தேன்? கோப்பு ஐந்து மேசைகளுக்குப் போய்வந்தது. கேட்டுப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாசிக்கத்தான் எங்களுக்கு நடைமுறை உண்டு. கேட்பதற்கு இல்லை.

அதன் பிறகு ஒரு மாதம் போலத் தினமும் மத்தியானம் அதைக் கேட்டேன். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எது தறி, எது ஜப்பான் என்று பிரிக்க முடியாத ஒரு நிலை வரும். தூக்கமும் அல்ல, விழிப்பும் அல்ல. ஒருநாள் அந்தத் தறிக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, புதுசா தறி கிறி எறக்கிருக்கியளா? சத்தம் நம்ம தறி மாதிரி இல்லியே."

"பாட்டுய்யா. ஜப்பான்காரன் பாட்டு."

கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. தறியில நாடா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுத மாதிரி அந்தக் கம்பிச் சத்தம் ஓடுது பாத்தியளா? ஒரு எழை அறுந்தாலும் இவனுவளுக்குத் தெரிஞ்சிரும்." சொல்லிவிட்டு, அறுந்த இழையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குமேல் சரியாக அந்த இசையைப் பற்றி யாரும் எழுதிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பொருள் என்னுடையதல்ல. அது அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும். நான் எழுதிய அந்த ஒரு வரி தவறு என்பதையும் நானேதான் சொல்ல வேண்டும். பழைய சகா ஒருவரிடம் கேட்டு, அந்தப் பெண் இப்போது வேலை பார்க்கும் அலுவலக முகவரியை வாங்கினேன். கடிதமும் எழுதினேன். மனைவியிடம் காட்டினேன்.

அவள் சத்தமாகப் படித்தாள். "'பொருள்: கைப்பற்றிய பென் டிரைவைத் திருப்பி அளித்தல் மற்றும் வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக. பார்வை: ஒன்று, இரண்டு, மூன்று...' இது மன்னிப்பா, நோட்டீஸா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியத இத்தன வருசம் பையில போட்டு வச்சிருந்தியளே, அது எந்த முறை? தப்பு செஞ்சிட்டேன் தாயீன்னு எழுத மூணு பார்வை எதுக்கு?"

கிழித்துவிட்டு நான்கு வரி எழுதினேன்: 'அன்று உங்கள் விளக்கம் உண்மை, என் குறிப்பு தவறு. இப்போது கேட்டேன். மன்னிக்க வேண்டும். முடிந்தால் அந்த வாத்தியங்களின் பெயர்களை மட்டும் சொல்லுங்கள்.' பாட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு பென் டிரைவை அனுப்பியிருக்கலாம். பிறர் பொருளுக்கு நகல் எடுக்க எனக்கு அதிகாரமில்லை. வைகாசி தொடக்கத்தில் கடிதத்தோடு விரைவு அஞ்சலில் அது போயிற்று.

பிறகு மத்தியானங்களில் தறிகள் மட்டும் இருந்தன. மின்சாரம் போகும்போது அவையும் நின்றுவிடும். அந்த வெறுமையில் எங்கோ மூங்கிலுக்குள் காற்று புகுவது கேட்கும். எழுந்து ஜன்னலருகே போனால் ஒன்றும் இருக்காது. பெயர் தெரியாததை எங்கே போய்த் தேடுவது? பதினைந்தாம் நாள் நினைவூட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மனைவி வந்து பேனாவை எடுத்துக்கொண்டு போனாள். ஆனி முழுக்கப் பதில் இல்லை. என்னிடம் வந்த எத்தனை மனுக்களை இப்படிக் கிடப்பில் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஆடி பிறந்தது. மேற்கே மலையில் பெய்கிற மழையின் காற்று மட்டும் எங்கள் ஊருக்கு வந்து, உலர்ந்த துணிகளைக் கொண்டுபோயிற்று.

கடைசியில் ஓர் உறை வந்தது. உள்ளே முதலில் முறையான ஒப்புதல்: 'பென் டிரைவ் ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' கையொப்பம், தேதி, பதவி. பதவி உயர்ந்திருந்தது. அடுத்த தாளில் எல்லாப் பாட்டுகளுக்கும் எண் போட்டுத் தமிழில் எழுதியிருந்தார். மூங்கில் குழலின் பெயர் ஷகுஹாச்சி. கிணற்றில் சொட்டாக விழுந்தது கோட்டோ. தறி நாடா போல ஓடிய மூன்று தந்தி வாத்தியம் ஷாமிசென். அடியில் ஒரு புதிய பென் டிரைவ் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி: 'ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.'

மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் தந்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்து, உறையின் மூலையில் வரவுத் தேதியைக் குறித்தேன்: ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், முற்பகல்.