மூக்கு பார்க்கும் திசை

என் மூத்த மருமகளை வேலையிடத்தில் எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலை. நெஞ்சளவு ஆழத்தில் இறங்கி, வாளியில் சகதியை அள்ளி மேலே கொடுக்க வேண்டும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த நாற்றம் போகாது. பெற்ற மகளுக்குச் சோறு ஊட்டக் கூசி, தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். அது ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மேஸ்திரி ஆகலாம், பிறகு குழியில் இறங்க வேண்டாம் என்று ஆபீசில் சொன்னார்கள். வகுப்பில் கொடுத்த தாளைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். எனக்கு எழுத்து தெரியாது; இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தர்தான் எழுதுகிறார். குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்னடி இது கருமம்?"

"ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் சேத்தா ஒரு கோடு, அத்தை. கோடு நெருங்கினா செங்குத்து, விலகினா சமதரை. கோடு ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு மூக்கு. மூக்கு இருந்தா மேடு."

"யாரு சொன்னா?"

"சர்வேயர் சாருதான். எங்க நாத்தம் தாங்காம கர்சீப்பைக் கட்டிக்கிட்டே பேசினாரு. பாதி கேக்கல."

தேர்வு நாளன்று அந்த ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தாள்களைத் தரையில் வைக்கச் சொன்னானாம். கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் புரட்டிவிட்டு, எல்லாரும் பாஸ் என்று எழுந்து போய்விட்டானாம். சோறு தின்கிற மனுஷனா அவன்? இதை மாற்றாமல் எழுது, நான் சொன்ன மாதிரியே எழுது.

நெட்டை மேஸ்திரி ஆனாள். மகளுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். அப்புறம், அள்ளிய சகதியைக் கொட்டி உலர்த்த ஒரு குழி வெட்ட வேண்டி வந்தது. மழைத்தண்ணீர் சேராத மேட்டில்தான் வெட்ட வேண்டும். இவள் படத்தில் ஒரு மூக்கைத் தேடிப் பிடித்து, அந்தச் சரிவில் குழிக்கு இடம் குறித்து முளைக்குச்சி அடித்தாள். மழை பெய்த பிறகுதான் தெரிந்தது, அது மேடே இல்லை, தண்ணீர் இறங்கும் பள்ளம். குழி பொங்கி, கறுப்புக் கூழாகக் கீழ்த்தெருவுக்குள் புகுந்தது. வாசல், அடுப்படி, தொட்டில் துணி, எல்லாம் சகதி. தெருப் பெண்கள் காறித் துப்பினார்கள். இவள் தன் ஆட்களோடு வீடு வீடாக அள்ளினாள்.

'உனக்கு மேஸ்திரி வேலை லாயக்கில்லை, பழையபடி குழியில் இறங்கு' என்று சர்வேயர் ஆள் விட்டுச் சொன்னான். தலைமுதல் கால்வரை சகதியோடு எங்கள் வாசலில் நின்று அழுதாள். என் மகன் வெந்நீர் வைக்க ஓடினான்.

"அடுப்ப அணைடா" என்றேன். "குளிக்காதடி. இப்படியே போயி அவன் ரூம்ல உக்காரு."

"அத்தை, நாறுது!"

"நாறட்டும். ஒழுங்கா சொல்லிக் குடுத்தாதான் எந்திரிப்பேன்னு சொல்லு."

"அம்மா, உனக்கு அறிவிருக்கா?" என்றான் மகன்.

"உனக்குக் குடுத்தது போக மிச்சம் இருக்குடா."

போனாள். நேராக அவன் எதிரிலிருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் குதித்தான், காவலாளியைக் கூப்பிட்டான். காவலாளி கதவைத் தாண்டி வரவில்லை. கர்சீப்பை இறக்கினால்தான் காது கேட்கும் என்று இவள் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் இறக்கினான்.

"கோட்டு மேல எழுதியிருக்கிற எண்ணைப் பாரும்மா. மூக்கு சின்ன எண்ணைப் பாத்து நின்னா மேடு. பெரிய எண்ணைப் பாத்து நின்னா தண்ணி ஓடுற பள்ளம். போதுமா? கெளம்பு."

"போதாது சார். வேற தாள் குடுங்க. நான் எழுதறேன், நீங்க கையில வாங்கிப் பாருங்க."

சகதி அப்பிய தாளை வாங்கினான், பார்த்தான். ஒரு மூக்கும் தப்பில்லை. மேஸ்திரியாகவே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் அவள் நிஜ மேட்டில் முளைக்குச்சி அடித்தாள். கீழ்த்தெருப் பக்கம் அந்த ஆள் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத்தான் வெளியே போட்டுக் கொளுத்தச் சொன்னானாம். தூ!